குறைமாதப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் அன்று

கடலூர் மாவட்டச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் மகள் வயிற்றுப் பேத்தி 31 வாரத்தில் பிறந்தவள். எடை 1,400 கிராம். ஒரு மாதத்துக்கும் மேல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பிழைக்க வைத்த நர்ஸ் பிள்ளைகளை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஐப்பசி மழையில் தேவனாம்பட்டினத்துக்கு அழைத்து வந்தோம். டிஸ்சார்ஜ் சீட்டில் எடை இருந்தது, தடுப்பூசித் தேதி இருந்தது. சளி பிடித்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை.

குழந்தை பார்க்கத் தெருவே வந்தது. மூக்கு ஒழுகிய பையன் ஒருவன் முத்தம் கொடுத்தான். நான் சாம்பிராணி காட்டினேன், மூக்கில் ஊதிச் சளி எடுத்தேன். மகள் வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. நான்காம் நாள் பேத்தி பால் குடிக்கவில்லை, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மெடிக்கலில் இருமல் மருந்து வாங்கிக் கொடுத்து ஓர் இரவை வீணாக்கினோம். இரண்டு வயதுக்குள் அதைக் கொடுக்கவே கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியதாம். எங்கள் காதுக்கு வரவில்லை.

ஆர்.எஸ்.வி. வைரஸ் என்றார் டாக்டர். திடமாக இருக்கும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் ஜலதோஷம்தான். குறைமாதப் பிள்ளைக்கும் இதயக் கோளாறோடு பிறந்த பிள்ளைக்கும் நுரையீரலின் சிறு குழாய்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்ளுமாம். ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. ஆக்சிஜன் வைத்தார்கள், மூக்கை உறிஞ்சிச் சுத்தம் செய்தார்கள், குழாய் வழியே பால் கொடுத்தார்கள். ஆறு நாளில் தேறினாள்.

டிஸ்சார்ஜ் அன்று பத்து நிமிடம் கொடுங்கள், ஐயா. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணக் கற்றுக் கொடுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அப்புறம் ஒரு வயது வரை 50. அதைத் தொட்டாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ உதடு நீலமானாலோ எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

நிர்செவிமாப் என்று ஓர் ஊசி உண்டு. ஒரு தடவை போட்டால் இந்த வைரஸிலிருந்து ஐந்து மாதமாவது காக்கும். உலகச் சுகாதார நிறுவனமே 2025-இல் பரிந்துரைத்திருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காவது அரசு இலவசமாகப் போட வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்துக்குத் தாயை மட்டும் கூப்பிடாதீர்கள். மகள் சொன்னால் கேட்காத நான், நர்ஸ் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். பாட்டிகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
தேவனாம்பட்டினம்