மாப்ளைக்கு: அந்த இரண்டாவது கார்டை அணைப்பது பற்றி

மாப்ள,

நீ அனுப்பிய பாட்டைக் கேட்டேன். ஆல்டோ வரிசை அருமையாக வந்திருக்கிறது, பாடகர் குழுப் பெண்கள் எவ்வளவோ தேறிவிட்டார்கள். ஆனால் பாட்டு எங்கெல்லாம் அடங்குகிறதோ அங்கெல்லாம் பின்னால் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். மைக்கில்தான் கோளாறு, புதுசு வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வாங்காதே. அது உன் லேப்டாப் ஃபேன், ஆப்பிள் அல்லாத மெஷினில் விண்டோஸோடு சேர்த்து ஆப்பிளின் மேக் ஓஎஸ்ஸையும் போட்டு ஓட்டுகிறாயே, அதே லேப்டாப். பாட்டுப் பதிகிற லாஜிக் மென்பொருளைச் சும்மா திறந்து வைத்தாலே ஃபேன் சுற்றுகிறது, பேட்டரி நிற்பதில்லை, அடியில் ஒரு மூலை மட்டும் சுடுகிறது என்று நீயேதான் புலம்பியிருக்கிறாய். எல்லாம் ஒரே வியாதி. இன்டெல் சிப்பில் இருக்கிற கிராஃபிக்ஸ் போக, உள்ளே இரண்டாவதாக இருக்கிற என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து கரண்ட் குடிக்கிறது.

அதை மேக் ஓஎஸ்ஸில் ஓட வைக்க முடியாதா என்று கேட்டிருந்தாய். முடியாது, அந்த ஆசையை விட்டுவிடு. உன்னுடைய என்விடியா கார்டு எம்எக்ஸ்150, பாஸ்கல் என்ற தலைமுறை. அதற்கு என்விடியா கொடுத்த டிரைவர் மேக் ஓஎஸ்ஸின் ஹை சியரா பதிப்போடு நின்றுபோனது, 2018-ல் வந்த மொஹாவியிலிருந்து எதுவும் கிடையாது. நீ வைத்திருப்பதோ அதற்கும் பிந்தைய வென்ச்சுரா. டிரைவரே கிடைத்தாலும் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் உன் லேப்டாப்பில் இருப்பது ஆப்டிமஸ் ஏற்பாடு. என்விடியா இதை 2010-ல் கொண்டுவந்தது. திரைக்குப் போகிற வயர் இன்டெல்லிடம்தான் இருக்கிறது. என்விடியா படத்தை வரைந்து இன்டெல்லின் மெமரியில் போட, இன்டெல் அதைத் திரைக்கு அனுப்பும். விண்டோஸுக்கு இந்தக் கைமாற்றல் தெரியும், மேக் ஓஎஸ்ஸுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது. ஆப்பிள் தன்னுடைய இரட்டைக் கார்டு மேக்புக் ப்ரோக்களில் திரையை இங்கேயும் அங்கேயும் மாற்றிவிடத் தனியாக ஒரு சிப்பையே போர்டில் வைத்திருந்தது. உன் போர்டில் அது இல்லை.

ஆக, அணைப்பது ஒன்றுதான் வழி. இங்கேதான் நிறையப் பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். மேக் ஓஎஸ்ஸை எழுப்பிவிடுகிற ஓப்பன்கோரின் கான்ஃபிக் கோப்பில், தொடக்கக் கட்டளைகளைப் போடுகிற பூட் ஆர்க்ஸ் வரியில் 'வெக் நோ ஈஜிபியு' என்று ஒன்றைச் சேர்த்திருப்பதாகவும், மெஷின் விவரம் காட்டுகிற அபவுட் திஸ் மேக்கில் இன்டெல் மட்டும் தெரிவதாகவும், அதனால் கார்டு அணைந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறாய். அது கார்டை அணைப்பதில்லை, மாப்ள. வாட்டெவர்கிரீன் என்ற கிராஃபிக்ஸ் துணைக்கோப்பு அந்தக் கார்டை மேக் ஓஎஸ் கண்ணில் படாமல் மறைத்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆட்டோவை விட்டு இறங்கி நீ வீட்டுக்குள் போய்விட்டாய், வாசலில் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேசைக் கணினிக்கு அது போதும். பேட்டரியில் ஓடுகிற லேப்டாப்புக்குப் போதாது.

கரண்டை நிறுத்துகிற வேலை லேப்டாப்பின் சொந்த ஏசிபிஐ நிரலுக்குள்ளேயே, அதாவது எந்தப் பாகத்துக்கு எப்படிக் கரண்ட் கொடுப்பது, நிறுத்துவது என்று இயங்குதளத்துக்குச் சொல்கிற டேபிள்களுக்குள்ளேயே, எழுதப்பட்டிருக்கிறது. ஆன், ஆஃப் என்றே இரண்டு மெத்தட், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய சின்ன நிரல்கள். விண்டோஸில் என்விடியா டிரைவர் சமயம் பார்த்து அதைக் கூப்பிடுகிறது. இங்கே கூப்பிட ஆளில்லை. நாம் எழுதப்போவது அந்த ஆஃபைக் கூப்பிடுகிற ஒரு சின்ன எஸ்எஸ்டிடி, அதாவது ஏசிபிஐயோடு கூடுதலாகச் சேர்க்கிற ஒரு கோப்பு, வேறொன்றுமில்லை. அதற்கு ஏசிபிஐயில் கார்டின் முகவரி வேண்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, என்விடியா கார்டின் ப்ராப்பர்டீஸில் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போய், 'பயாஸ் டிவைஸ் நேம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழு முகவரியும் வந்துவிடும். பெரிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் பெக்0, அதற்குக் கீழே பெக்பி என்று முடியும். உன்னுடையது போன்ற மெல்லிய லேப்டாப்பில் ஆர்பி01, பிஎக்ஸ்எஸ்எக்ஸ் என்று இருந்தால் ஆச்சரியப்படாதே. ஊருக்கு ஊர் கதவிலக்கம் வேறு, அதனால் யாரோ கொடுத்த ரெடிமேட் கோப்பை அப்படியே போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று அழுவதில் அர்த்தமில்லை. அப்புறம் ஏசிபிஐ டேபிள்களை வெளியே எடுத்து அவற்றைப் படிக்கிற மேசிஏஎஸ்எல் மென்பொருளில் திறந்து, அந்த முகவரிக்குக் கீழே ஆஃப் நிஜமாகவே இருக்கிறதா என்று கண்ணால் பார். சில லேப்டாப்புகளில் நேரடி ஆஃப் இருக்காது. முதலில் டிஎஸ்எம் மெத்தடைக் கூப்பிட்டு அனுமதி வாங்கி, பிறகு கரண்டை நிறுத்துகிற பிஎஸ்3 மெத்தடைக் கூப்பிட்டால்தான் கார்டு அடங்கும். ஆஃபுக்குள் ஈசி, அதாவது எம்பெடட் கன்ட்ரோலர், சம்பந்தப்பட்ட வரி ஏதாவது இருந்தால் மட்டும் எனக்கு அனுப்பு. மெஷின் எழும் நேரத்தில் ஈசி இன்னும் தயாராகியிருக்காது, அந்த வரியை மட்டும் பிரித்து, ஈசி தயாரானதும் ஓடுகிற ரெக் மெத்தடில் வைக்க வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் பழைய டப்பாவில் இதைச் செய்தபோது பேட்டரி எவ்வளவு செலவாகிறது என்று காட்டுகிற கோகனட் பேட்டரி மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 14 வாட் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, எஸ்எஸ்டிடி போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் 7 வாட்டில் வந்து நின்றது. அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும், அபவுட் திஸ் மேக்கை அல்ல. நீயும் இரண்டு தடவையும் எழுதி வைத்துக்கொள்.

ஸ்லீப்பில் இன்னொரு வம்பு இருக்கிறது. மூடி வைத்துவிட்டுத் திறந்தால் கார்டு திரும்ப உயிர் பெற்று உட்கார்ந்துகொள்ளும், அல்லது ஷட்டவுன் கொடுத்தால் அணையாமல் ரீஸ்டார்ட் ஆகும். அதற்காக, எழும்போது ஓடுகிற வேக், தூங்கும் முன் ஓடுகிற பிடிஎஸ் என்ற இரண்டு மெத்தட்களையும் கான்ஃபிக்கில் பெயர் மாற்றிவிட்டு அதே பெயரில் நம்முடையதை வைப்பார்கள்: தூங்கப் போகும்முன் கார்டை ஆன் செய்யும், எழுந்ததும் ஆஃப் செய்யும். எல்லா லேப்டாப்புக்கும் இது தேவைப்படாது. முதலில் சும்மா போட்டுப் பார், வம்பு வந்தால் சேர்ப்போம்.

எச்டிஎம்ஐ விஷயம் முக்கியம், ஆலயத்தில் பாட்டு வரிகளைப் புரொஜெக்டரில் போடுவது இந்த லேப்டாப்பிலிருந்துதானே? சில மாடல்களில், முக்கியமாக கேமிங் லேப்டாப்புகளில், எச்டிஎம்ஐ போர்ட் என்விடியாவோடு இணைந்திருக்கும். கார்டு போனால் போர்ட்டும் போச்சு. விண்டோஸில் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஃபிஸ்எக்ஸ் பக்கத்தில் எந்தத் திரை எந்தக் கார்டில் இருக்கிறது என்று படமே போட்டுக் காட்டும். புரொஜெக்டரைச் செருகிவிட்டு அதைப் பார். உன் ரகத்தில் இன்டெல்லோடுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் கண்டுபிடிக்க வேண்டாம். அதேபோல எஸ்எஸ்டிடிக்குள் 'டார்வின் என்றால் மட்டும்', அதாவது மேக் ஓஎஸ் ஓடினால் மட்டும், என்ற நிபந்தனையை மறக்காமல் வை. ஓப்பன்கோர் வழியாக விண்டோஸுக்குப் போனால் அங்கேயும் இந்தக் கோப்பு ஏறிக்கொள்ளும், பிறகு பையன் கேம் ஓடவில்லை என்று உன் உயிரை எடுப்பான்.

நீ கடைசியில் கேட்டது, ஆலய அலுவலகக் கணினிகளிலும் இதேபோல் போட்டுக் கொடுக்கலாமா என்று. என்னைக் கேட்டால் வேண்டாம். ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் ஆப்பிள் கணினியில் மட்டும் என்றுதான் சொல்கிறது. சைஸ்டார் என்று ஒரு கம்பெனி இப்படிப் போட்டு விற்கவே ஆரம்பித்தது, 2008-ல் ஆப்பிள் கேஸ் போட்டது, 2009-ல் தீர்ப்பு ஆப்பிள் பக்கம். நம் மேசையில் நாம் நோண்டுவது வேறு, கணக்கு எழுதுகிறவர் நம்பி உட்கார்கிற மெஷினில் கைவைப்பது வேறு. அப்டேட் வந்து ஒருநாள் எழுந்திருக்காவிட்டால் போதகர் உன்னைத்தான் கூப்பிடுவார். இன்னொன்று, இன்டெல் மேக்குகளுக்கு டஹோ என்ற மேக் ஓஎஸ் பதிப்புதான் கடைசி என்று 2025 ஜூனில் ஆப்பிளே சொல்லிவிட்டது. இதற்காகப் புதிதாக எதையும் வாங்காதே. இருப்பதை வென்ச்சுராவிலேயே ஓட்டு, காசு சேர்ந்தால் பழைய எம்1 மேக் மினி ஒன்று பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இப்போது பேப்பரில் வரி விளம்பரம் முதற்கொண்டு படித்து எங்களுக்கும் வாசித்துக் காட்டுகிறார். உன் தங்கச்சி உன் பாட்டைக் கேட்டுவிட்டு டெனர் பாடுகிற ஆள் யார், குரல் நன்றாக இருக்கிறதே என்று விசாரித்தாள். எனக்குத் தெரியவில்லை, எழுது.

எதைத் தொடும் முன்னும் ஓப்பன்கோர் கோப்புகள் இருக்கிற இப்போதைய ஈஎஃப்ஐ ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் அப்படியே போட்டு, அதிலிருந்து ஒருமுறை பூட் ஆகிறதா என்று பார்த்துக்கொள். முகவரி கிடைத்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு, கோப்பை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்