பூஜ்யமாகாத எண்

அன்புள்ள கலா,

நான்கு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டாதே. அம்மாவுக்கு முழங்கால் தேவலை. பாப்பா எல்.கே.ஜி. போகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை வீட்டில் சொன்னால் யாருக்கும் புரியாது.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச் செத்துப்போனது. ஸ்டோரில் பழையது ஒன்று கிடந்தது. மேலே என் கையெழுத்திலேயே ‘டெஸ்டிங்’ என்று மார்க்கரில் எழுதியிருந்தது. தூசியைத் துடைத்து, கான்ஃபிகை, அதாவது பழைய அமைப்புகளை அழித்து, ரீபூட் பண்ணி, மற்ற ஸ்விட்சுகளோடு சேர்க்கும் ட்ரங்க் கேபிளைச் சொருகினேன். பக்கத்து ஸ்விட்சில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக ஆரஞ்சுக்கு மாறின. என் லேப்டாப்பும் துண்டித்துக்கொண்டது.

உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். கான்ஃபிகை அழித்தேனே தவிர, ஃபிளாஷ் நினைவகத்தில் இருந்த விலான் டாட் டேட் கோப்பை அழிக்கவில்லை. ஒரே நெட்வொர்க்கை லேப், வார்டு என்று தனித்தனியாகப் பிரிக்கும் விலான்களின் பட்டியல் அதில்தானே இருக்கிறது. அந்தப் பட்டியலை ஸ்விட்சுகளுக்குள் பரப்பும் வி.டி.பி.யின் டொமைன் பெயரும், அதாவது குழுப் பெயரும், அதில் எங்களுடையதேதான். டெஸ்டிங்கில் விலானைப் போட்டும் அழித்தும் பட்டியல் மாறும்போதெல்லாம் ஏறும் அதன் ரிவிஷன் எண் 96 ஆகியிருந்தது. எங்கள் மைய ஸ்விட்சான கோரில் 41. பெரிய எண் வைத்திருப்பவன் சொல்வதே வேதம் என்று மற்ற 13 ஸ்விட்சுகளும் தங்கள் விலான்களைத் துடைத்துவிட்டு ஒன்றுமில்லாத அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டன. கேபிளைப் பிடுங்கினேன். பிடுங்கி என்ன பயன், பட்டியல்தான் ஏற்கெனவே பரவிவிட்டதே.

ஸ்விட்சில் நேரடியாக மாட்டும் கன்சோல் கேபிளோடு கீழே ஓடும்போது லேப் அக்கா எதிரே படியேறி வந்தார், கையில் துண்டுச்சீட்டு. ஐசியூ நோயாளியின் பொட்டாசியம் அளவு. கம்ப்யூட்டரில் போகாததால் எழுதி எடுத்து ஓடுகிறார். கலா, அந்தச் சீட்டு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சுந்தரம் சார் சொன்னபடி ஸ்விட்சுகள் இருக்கும் ரேக் கதவின் உள்பக்கம் விலான் பட்டியலை ஒட்டிவைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் கோரில் திரும்பப் போட்டேன். முதலில் விலான் 20, லேப். எந்த போர்ட் எந்த விலானுக்கு என்ற ஒதுக்கீடு எல்லாம் அப்படியே இருந்ததால் அடித்த உடனே லேப் போர்ட்டுகள் பச்சைக்கு வந்தன. அப்புறம் 30 வார்டு, 40 போன். மொத்தம் 40 நிமிடம்.

இப்போது மேலதிகாரி வி.டி.பி. வெர்ஷன் 3க்கு மாறலாம் என்கிறார். அதில் பிரைமரி சர்வர் என்று ஒன்றை நாமே அறிவித்தால்தான் பட்டியல் மாறும். எண் பெரியது என்பதற்காக எவனும் அழிக்க முடியாது. நியாயம்தான். ஆனால் எனக்கு எல்லாவற்றையும், அடுத்தவன் பட்டியலை ஏற்காத டிரான்ஸ்பரன்ட் மோடில் போட்டுவிட வேண்டும். புது விலான் வந்தால் 14 இடத்தில் கையால் அடிக்கிறேன், அடித்தால் என்ன? நீ என்ன சொல்கிறாய்? 

உங்கள் ஸ்டோரிலும் இரண்டு பழைய ஸ்விட்ச் இருக்கிறது என்றாயே. மாட்டுவதற்கு முன் தனியாக வைத்து ரிவிஷன் எண்ணைப் பார். பட்டியலைத் தானே மாற்ற முடியாத கிளையன்ட் மோடில் இருந்தாலும் விடாதே, அதுவும் இதே வேலையைச் செய்யும். டிரான்ஸ்பரன்ட்டுக்கு மாற்றிவிட்டால் எண் பூஜ்யமாகிவிடும். இந்த வாரமே பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி போடு.

உன்,
வசந்தி