கம்ப்ரஸரை நிறுத்திய தவுக்கேவுக்கு

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்ட மக்களுக்கும், வெளியூரிலிருந்து நம் இணைய வானொலியைக் கேட்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நேற்று மாலை 7 மணிக்கு நம் ஒலிபரப்பு மறுபடி தொடங்கிவிட்டது. கை நடுக்கம் இன்னும் போகவில்லை. பழைய அறை எப்படிப் போனது, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைக் கிளற வேண்டாம். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி பக்கத்துக் கடைத் தவுக்கேவுக்கு, அதாவது கடை முதலாளிக்கு. மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவர். நம் புது அறைக்கும் அவர் பட்டறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர்தான். முட்டை அட்டை ஒட்டினோம், பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்தோம். முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பக்கத்திலிருந்து வரும் சத்தத்துக்கு அது ஈடுகொடுக்காது. சோதனைப் பதிவில் அக்கா மரண அறிவிப்பு வாசிக்கிறார், பின்னால் கம்ப்ரஸர் தடதடக்கிறது. தொட்டியில் காற்றழுத்தம் இறங்கினால் யாரும் தொடாமலே அது ஓடத் தொடங்கிவிடும்.

நாங்கள் யாரும் போய்க் கேட்கவில்லை. அவர் கடை, அவர் பிழைப்பு. நேற்று வந்த நாம் எந்த வாயால் கேட்பது? அடுத்த முறை பதிவுக்கு உட்கார்ந்தால் சத்தத்தையே காணோம். கரண்ட் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். தவுக்கே கம்ப்ரஸர் சுவிட்சை அணைத்துவிட்டு, வேலை முடிந்து வந்த ஒரு பையனின் டயருக்குக் கால் பம்பில் காற்றடித்துக்கொண்டிருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், முழங்காலுக்குத் தினமும் தைலம் தேய்க்கிறவர். இன்னொருவன் எஞ்சினை முறுக்கப் போக, "துங்கு, ரேடியோ ஹாபிஸ் டுலு" (பொறு, முதலில் ரேடியோ முடியட்டும்) என்று மலாயில் சொல்லிக் கையைக் காட்டுகிறார்.

அன்றிலிருந்து ஏழு முதல் எட்டு வரை அப்படித்தான். தோட்டத்தில் ரப்பர் இருந்த பால்மரக் காலத்தில், லயத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், தமிழ் ஓரளவு புரியும். நன்றி சொல்லப் போனபோது, செத்தவர்கள் சேதி வாசிக்கும்போது சத்தம் போடலாமா என்று என்னையே திருப்பிக் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மலேசிய அரசின் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் நம் எல்லாருக்கும் சொந்தம். எங்கள் வீட்டில் இன்னும் அதன் பழைய பெயரில் ரேடியோ 6 என்றுதான் சொல்வார்கள். ஆனால் நாடு முழுக்க ஒலிக்கும் நிலையத்தில், நம் மூன்றாவது லயத்துப் பாட்டிக்கு மதியம் 2 மணிக்கு எடுப்பு என்று சொல்ல முடியுமா? முன்பெல்லாம் வேலைக்குப் பெயர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டில் சொன்னால் மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். இப்போது பாதிப் பேர் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். செம்பனை வெட்டுக்கு வெளிநாட்டுத் தம்பிகள் வந்துவிட்டார்கள். சேதி போவதற்கு வழி வேண்டாமா?

அப்புறம், பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னவர்கள். மிக்சர் கொடுத்தவர், கூலி வாங்காமல் வயரிங் செய்த அண்ணன், மேசை நாற்காலி அனுப்பிய கோயில் நிர்வாகத்தினர், தேர்வு நேரத்திலும் செய்தி வாசிக்க வந்த ஐந்தாம் படிவப் பிள்ளைகள், ஈப்போவிலிருந்து பணம் போட்டுவிட்டு யாரென்றே சொல்லாதவர், எல்லாருக்கும் நன்றி. நாசி லெமாக் கட்டிக் கொடுத்த ஆண்ட்டிக்குத் தனியாக ஒரு நன்றி, இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்.

தாத்தாக்கள் இன்னும் என்னைக் கேட்பது ஒன்றுதான்: "எப்பப்பா சின்ன ரேடியோவுல வரும்?" போனில் திறந்து கேட்க அவர்களுக்குப் பழக்கமில்லை, செம்பனைக்குள் போனால் லைனும் கிடைப்பதில்லை. சில வாட் திறனுள்ள எஃப்எம் கருவி இருந்தால் நம் வட்டாரத்துக்குப் போதும். கருவியை வாங்கி மாட்டிவிடலாம் என்று பையன்கள் சொல்கிறார்கள். கூடாது. அலைவரிசை ஒதுக்கீடு எம்சிஎம்சி என்ற தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் கையில் இருக்கிறது, அது இல்லாமல் ஒலிபரப்பினால் குற்றம். 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் சமூக வானொலிக்கென்று தனி உரிமப் பிரிவு கிடையாது, சிக்கல் அங்கேதான். இருந்தாலும் சரவாக்கில், கெலாபிட் மலைமேட்டு மக்களுக்கு 2011-இல் ரேடியோ பாரியோ என்ற சமூக வானொலி வந்ததே! அவர்களுக்குக் கிடைத்த வழியை நாமும் கேட்டுப் பார்ப்போம். இந்த வருடத்துக்குள் மனு எழுதிக் கையெழுத்து வாங்க நானே வீடு வீடாக வருகிறேன். இது என் வாக்கு.

மரண அறிவிப்பு, இரத்தம் தேவை, கோயில் திருவிழா, எதுவானாலும் மாலை 6 மணிக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நேரில் வருகிறவர்கள் தயவுசெய்து பட்டறை வாசலில் மோட்டாரை நிறுத்தாதீர்கள், தவுக்கேவுக்கு வண்டி இறக்க இடம் வேண்டும்.