வெங்காயக் காகிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. போனில் தட்டினால் பாதியில் வேறெங்கோ போய்விடுகிறது. நாற்பது வருஷம் பேனா பிடித்த கை, அதனால் பேனாவையே எடுத்துவிட்டேன்.

போன ஞாயிறு வீடியோவில் உன் முகத்தைவிடப் பின்னால் இருந்த சுவரைத்தான் அதிகம் பார்த்தேன். பழைய கடிதங்களைக் கண்ணாடி போட்டு மாட்டிய சட்டம் தீபாவளிக்கு மூன்று இருந்தது, இப்போது ஐந்து. பாப்பாவின் சைக்கிள் நின்ற இடத்துக்கு நேர் மேலே புதுசை மாட்டியிருக்கிறாய். சைக்கிளை எங்கே வைத்தாய்? வெளியே மழையில் போடாதே, துருப்பிடிக்கும்.

அந்தச் சுவரில் காலை வெயில் நேரே விழும். அங்கே இருந்த இரண்டு மாதமும் நான் உட்கார்ந்து பேப்பர் படித்த இடம் அது, எனக்குத் தெரியாதா? அந்தக் காலத்து மை இரும்பு கலந்தது. எழுதி உலர உலரக் கறுக்கும், வருஷம் போகப் போகப் பழுப்பாகும், காகிதத்தையும் அரிக்கும். வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நம் பக்கத்திலும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பைப் போட்டுத்தான் மை காய்ச்சினார்கள். இங்கிலாந்துக்காரர்கள் அதோடு சேர்த்தது மாசிக்காய். அம்மா பாப்பாவுக்கு உரைமருந்தில் உரசிக் கொடுத்தாளே, அதேதான். மாசிக்காய் என்றதும் அம்மாவுக்குப் பாப்பா ஞாபகம் வந்துவிட்டது. மூன்று ஞாயிறாகப் பாப்பா தூங்குகிறாள் என்கிறாய். உங்களுக்கு அப்போது பகல் இரண்டு மணிதானே என்று அம்மா கேட்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சட்டத்தை வெயில் படாத சுவருக்கு மாற்று.

நீ வாங்கியதைக் குறை சொல்லவில்லை. சார்பதிவாளர் அலுவலக வாசலில் மேசை போட்டுப் பத்திரம் எழுதியவனின் மகன், இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி நெல்சன் கையெழுத்தை அது இடக்கையா வலக்கையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறான் என்றால் எனக்குப் பெருமை இல்லாமல் இருக்குமா? டெனரீஃப் தீவுச் சண்டையில் அவருக்கு வலக்கை போனது 1797 ஜூலையில், அடுத்த சில நாளிலேயே இடக்கையால் கடிதம் எழுதிவிட்டார் என்று நீ சொன்னதை டீக்கடையில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா? போர்ட்ஸ்மத்தில் அந்த விக்டரி கப்பலில், அவர் குண்டடிபட்டு விழுந்த இடத்தில் பித்தளைத் தகடு பதித்திருந்தார்களே, அங்கே என்னை நிற்கவைத்து நீ படம் எடுத்தாய். கீழே தளத்துக்கு இறங்கும்போது அம்மா உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டாள். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். மருமகள்தான் ஓடிப்போய் ஐஸ் வாங்கி வந்தாள். நல்ல பெண்.

ஆனால் 3,000 பவுண்டு, தம்பி. என்னிடம் சொன்ன விலை இது. வீட்டில் என்ன விலை சொன்னாயோ. கப்பல்காரர்களுக்கு வெங்காயமும் எலுமிச்சையும் வாங்கச் சொல்லும் உத்தரவு, அதுவும் குமாஸ்தா எழுதியது, அடியில் பட்டப்பெயரோடு ஒரு ‘நெல்சன் அண்ட் ப்ரோன்ட்டே’ மட்டும்தான் அவருடையது. அம்மா அதற்கு வெங்காயக் காகிதம் என்றே பெயர் வைத்துவிட்டாள். முழுக்கக் கைப்பட எழுதியது என்றால் இன்னும் பல மடங்கு ஆகும் என்கிறாய். அந்தப் பக்கம் போகாதே.

நான் கேட்பது ஒன்றுதான். தாய்ப்பத்திரம் இருக்கிறதா? மனை வாங்க வருகிறவனிடம் முதலில் இதைத்தான் கேட்பேன். முப்பது வருஷ வில்லங்கம் போடாமல் ஒரு சென்ட் நிலம் வாங்கமாட்டோம். 1804-இல் எழுதியது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, எந்த ஏலத்தில் எப்போது போனது என்று விற்றவன் காகிதமாகத் தந்தானா, வாயால் சொன்னானா? ரசீது வாங்கினாயா? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாயா? 1794-க்குப் பிறகு இங்கிலாந்துக் காகிதத்தில் நீர்க்குறிக்குள் பெரும்பாலும் வருஷமும் இருக்கும் என்று நீதானே சொன்னாய்? 1804 தேதி போட்ட உத்தரவில் 1806 தெரிந்தால் கதை முடிந்தது. இங்கேயும் பழைய தேதிக்கு முத்திரைத்தாள் கிடைக்குமா என்று ராத்திரியில் கதவைத் தட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய புத்தகத்தின் வெற்றுத்தாளைக் கிழித்து எழுதினால் காகிதம் பழசுதான், எழுத்துதான் புதுசு.

பெயரையும் பார். இங்கிலாந்துத் தளபதி வெல்லிங்டன் பிரபு 1798 வரைக்கும் வெஸ்லி. அந்த வருஷம் நம் இந்தியாவில் இருந்தபோதுதான் அவர் வெல்லெஸ்லி ஆகிறார். அதற்கு முந்தைய தேதியில் வெல்லெஸ்லி என்று கண்டால் கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிடு. நெப்போலியன் 1796-இல் ‘புவோனபார்ட்டே’யை ‘போனபார்ட்’ ஆக்கினார், சக்கரவர்த்தி ஆனதும் ‘நெப்போலியன்’, பிறகு ‘நாப்’, கடைசியில் வெறும் ‘என்’. நம் சார்பதிவாளர்களும் அப்படித்தான். சேர்ந்த அன்று முழுப்பெயர், ரிட்டயர் ஆகும்போது ஒரு கோடு.

படித்தவன் ஏமாறமாட்டான் என்று நினைக்காதே. பாரிஸில் மிஷேல் ஷால் என்ற பெரிய கணித மேதைக்கு வ்ரேன் லூக்கா என்பவன் 27,000 போலிக் கடிதம் விற்றான் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். அலெக்சாந்தர் எழுதியது, சீசருக்குக் கிளியோபாட்ரா எழுதியது, எல்லாமே பிரெஞ்சில்! 1870-இல் அவனுக்கு இரண்டு வருஷம் ஜெயில். ஆனால் அத்தனை வருஷம் அந்த மனுஷன் அந்தக் கடிதங்களை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பார் இல்லையா, வீட்டில் வேறு யாருடனும் பேசாமல். அதைத்தான் நினைத்துக்கொண்டேன். ரசீதைப் பத்திரமாக வை.

சரி, மூலப்பத்திர விஷயம். நம் வீட்டுப் பத்திரத்தை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி நீ மாசியில் கேட்டாய். கடையில் மெஷின் ரிப்பேர் என்றேன், அப்புறம் பீரோ சாவி என்றேன். மெஷினுக்கும் சாவிக்கும் ஒன்றும் இல்லை. எதற்குக் கேட்கிறாய் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நான் அனுப்பாததற்குக் காரணம் வேறு.

அந்தப் பத்திரக் கட்டுக்குள் 1994-இல் எழுதிய, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஒன்று இருக்கிறது. என் கையெழுத்துதான், நானே எழுதியது. தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு, பாட்டியும் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். உன் அத்தைக்குச் சரிபாதி. பட்டா மாற்ற ஒரு கையெழுத்து வேண்டும் என்று அக்காவை வரச்சொன்னேன். முறுக்கு டப்பாவோடு காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். சார்பதிவாளர் சம்மதமா என்று கேட்டால் ஆமாம் என்று சொல் என்றேன், சொன்னாள். வாசித்துக் காட்டவில்லை. ரொக்கம் ஐயாயிரம் பெற்றுக்கொண்டதாக அதில் எழுதியிருக்கிறது. ஐந்து ரூபாய்கூடக் கொடுக்கவில்லை, பஸ்ஸுக்கும் அவளே கொடுத்துக்கொண்டு போனாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள், கைநாட்டு வைக்கமாட்டேன் என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள். காகிதத்தின் பின்பக்கம் தடவினால் இன்றைக்கும் கைக்குத் தட்டுப்படும்.

கையெழுத்து அசல், தம்பி. முத்திரைத்தாள் அசல், தேதி அசல், சாட்சிகள் அசல். உன் விளக்கு, பூதக்கண்ணாடி எதை வைத்துப் பார்த்தாலும் ஒரு குறை தெரியாது. அன்றைக்கு உனக்கு ஆறு வயசு, பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டும், வீட்டை அடமானம் வைக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பணத்தில்தான் நீ படித்தாய். இதை எழுதியது உன்னைக் கூண்டில் ஏற்ற இல்லை. அம்மாவுக்கும் முந்தாநாள்தான் சொன்னேன். அவள் அன்று சாப்பிடவில்லை.

சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போகிறேன். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அட்டவணைச் சொத்து விவரம் உட்பட முழுசாக வாசிக்கப் போகிறேன். அவள் என்ன சொல்கிறாளோ, அதன் பிறகுதான் ஸ்கேன். அதுவரை கேட்காதே. பணம் அவசரம் என்றால் அதை மட்டும் சொல், என் டெபாசிட்டில் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு நெல்சனை விற்க வேண்டாம். விற்றாலும் நான் வருத்தப்படமாட்டேன்.

மருமகள் நம்பருக்கு இரண்டு தடவை அடித்தேன். மணி போகிறது. வேலையாக இருப்பாள்.

அம்மா பருப்புப்பொடியும் பாப்பாவுக்கு இரண்டு பாவாடையும் எடுத்து வைத்திருக்கிறாள். கூரியர்காரன் திங்கட்கிழமை வருவான். ஒரு பார்சலாகக் கட்டவா, இரண்டாகக் கட்டவா என்று எழுது. இரண்டு என்றால் அந்த விலாசத்தையும் சேர்த்து எழுது.

அப்பா