நாலு விநாடியில் போன படம்

லெஸ்டர், இங்கிலாந்து
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்ல சுகம். நீங்களும் தம்பியும் சுகமாக இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். போன கிழமை போனில் பேசும்போது, "அந்தப் படம் கிடைச்சிருச்சா?" என்று அப்பா மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் லைன் விட்டுவிட்டுப் போனது. கோயிலடிக்கு ஏறி வந்தால்தான் அங்கே சிக்னல், இங்கே எனக்கு வேலைக்குப் போகிற அவசரம். அதனால் அப்பாவுக்குப் பிடித்த மாதிரி கடிதமாகவே எழுதுகிறேன். அம்மாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டுங்கள்.

அந்தப் போஸ்ட்கார்ட் படம் கிடைக்கவில்லை அப்பா. ஏலத்தில் நாலு விநாடியில் போய்விட்டது.

எப்படிப் போனது என்று சொல்ல வேண்டுமென்றால் கணினியில் நடக்கிற இந்த ஏலத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நான் இங்கே வந்த புதிதில் குளிர் கோட் வாங்கக் காசில்லை. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிற அக்கா ஒருவர்தான் இந்த ஏல இணையதளத்தைக் காட்டித் தந்தார். யாரோ போட்டுக் கழித்த கோட், நல்ல கோட், ஒன்பது பவுணுக்கு வந்தது. தலவாக்கலை மலைக் குளிரில் வளர்ந்தவளுக்கு என்ன குளிர் என்று நினைத்திருந்தேன். அந்தக் குளிர் வேறு, இந்தக் குளிர் வேறு. கோட் வந்த அன்றே எனக்கு இந்த ஏலப் பைத்தியம் பிடித்துவிட்டது.

நம் கோயில் திருவிழா முடிந்து ஏலம் விடுவார்களே, அம்மனுக்குச் சாத்திய சேலை, மாலை, எலுமிச்சம்பழம் என்று, அதே சங்கதிதான். விற்கிறவர் படத்தைப் போட்டு ஆரம்ப விலை சொல்வார். ஏழு நாளோ பத்து நாளோ கிடக்கும். யாரும் கேட்கலாம். ஒரு வித்தியாசம் என்னவென்றால், நாம் கேட்கிற கடைசி விலையை முதலிலேயே கணினியின் காதில் ரகசியமாகச் சொல்லி வைத்துவிடலாம். "மாமா, நான் ஐயாயிரம் வரைக்கும் போவேன், வெளியே சொல்லாதீங்க, எனக்காக நீங்களே கேளுங்க" என்று மாமாவை முன்னால் நிறுத்தி வைக்கிற மாதிரி. எதிராளி ஏற ஏற மாமா ஒரு படி மட்டும் மேலே ஏறுவார். நாம் சொன்ன ஐயாயிரம் வந்ததும் வாயை மூடிக்கொள்வார்.

இது நியாயமான ஏற்பாடுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில்.

நம் தலைவர் மைக்கைப் பிடித்து "ஒருதரம்... ரெண்டுதரம்..." என்று எவ்வளவு இழுப்பார்! பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்கிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "என்னப்பா, பேசாம நிக்கிற?" என்று சீண்டி, பின்னாலிருந்து ஒருவர் கூட்டிக் கேட்டால் மறுபடியும் ஒருதரத்திலிருந்து தொடங்குவார். கேட்க ஆள் இருக்கும்வரை மூன்றாம் தரம் வராது. இங்கே அப்படி இல்லை. ஞாயிறு இரவு எட்டேகால் என்று போட்டிருந்தால் எட்டேகாலுக்கு முடிந்தது முடிந்ததுதான். எத்தனை பேர் கேட்கக் காத்திருந்தாலும் கடிகாரம் நிற்காது. அதனால் ஏழு நாளும் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. கடைசி ஐந்து விநாடியில் வந்து விழுவார்கள். மனிதர் கூடத் தேவையில்லை, அந்த வேலையைச் செய்து கொடுக்கவே கணினி நிரல்கள் இருக்கின்றன.

சரி, படத்துக்கு வருகிறேன்.

பழைய போஸ்ட்கார்ட் அது. வெள்ளைக்காரர் காலத்தில் கொழும்பில் பிளாட்டே என்ற கம்பெனி, 1890இல் தொடங்கியது, நம் மலைகளையும் தோட்டங்களையும் படம் பிடித்து இப்படி நிறையப் போஸ்ட்கார்ட் அடித்தது. இங்கிருந்து வந்தவர்கள் அதை வாங்கி ஊருக்கு எழுதியிருக்கிறார்கள். அந்த வீடுகளின் பரண்களில் கிடந்ததெல்லாம் இப்போது ஏலத்துக்கு வருகிறது. நம் ஆட்களைத் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது அப்பா. கொழுந்து பறிக்கிற பெண்கள், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டில் நிற்கிற ஆண்கள், வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பரா வாசலில் குழந்தைகள். ஒருத்தருக்கும் பெயர் கிடையாது. கீழே ஆங்கிலத்தில் "தமிழ்க் கூலி, சிலோன்" என்று மட்டும் இருக்கும். போட்டோ பிடித்தவனுக்குப் பெயர் இருக்கிறது.

நான் பார்த்த படத்தில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள். கூடைக் கயிறு நெற்றிக்கு மேலே, முக்காடு, காது தொங்குகிறது. முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாயி! அப்பாயி இல்லைதான், அந்தப் படம் அப்பாயியின் அம்மா காலத்தது. ஆனால் அந்தச் சிடுசிடுப்பும், உதட்டை ஒரு பக்கமாக இழுத்து வைத்திருக்கிற விதமும் அப்படியே. உங்களுக்கு அனுப்பினேன், நீங்களும் அதையே சொன்னீர்கள்.

நம்மிடம் அப்பாயியின் படம் ஒன்றுகூட இல்லை. 1948இல் பிரஜாவுரிமை போனதால் பிறகு அவருக்கு அடையாள அட்டையும் கிடைக்கவில்லை. அட்டை இருந்தால் அதற்காகவாவது ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பார். 2003இல் பிரஜாவுரிமை கொடுக்கிற சட்டம் வந்தபோது அப்பாயி இல்லை. அதனால்தான் அந்தப் போஸ்ட்கார்டை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று நின்றேன்.

நின்றேன் என்கிறேன், எவ்வளவு நின்றேன்? 12 பவுண். கிட்டத்தட்ட என்னுடைய ஒரு மணி நேரச் சம்பளம். ரூபாயில் கணக்குப் போட்டேன், அம்மாவுக்கு மூன்று நாள் கூலிக்கு மேல் வருகிறது. ஒரு காகிதத் துண்டுக்கு அதற்கு மேல் கேட்கக் கை வரவில்லை. எட்டு மணிக்கு விலை 6 பவுணில் நின்றது, என் பெயர்தான் மேலே. எட்டு பதினாலுக்கும் நான்தான். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். நாலு விநாடி இருக்கும்போது திரை ஒருதரம் துடித்தது. விலை 12 பவுண் 50 சதம், என் பெயர் இல்லை. நான் விரலைக் கொண்டுபோவதற்குள் "ஏலம் முடிந்தது" என்று வந்துவிட்டது. உங்களுக்கு அப்போது நள்ளிரவு ஒன்றேமுக்கால்.

அரை பவுணில் விட்டேனே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு அந்த அக்கா சொன்னபோதுதான் விளங்கியது. எடுத்தவர் 12.50தான் கேட்டார் என்று அர்த்தமில்லை. அவர் நூறு பவுண்கூடக் காதில் சொல்லி வைத்திருக்கலாம். மாமா என்னைவிட ஒரு படி மட்டும் ஏறி நின்றிருக்கிறார், அவ்வளவுதான். 13 கேட்டிருந்தாலும் 20 கேட்டிருந்தாலும் போயிருக்கலாம். இது ஆறுதலா, இன்னும் எரிச்சலா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எடுத்தவர் யார் என்றும் தெரியாது. பெயருக்குப் பதில் ஒரு எழுத்தும் மூன்று நட்சத்திரமும். கோயில் ஏலத்தில் சேலையை எடுத்தது பக்கத்து லயத்து அத்தை என்றால், அடுத்த பொங்கலுக்கு அவர் கட்டும்போதாவது பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா கேட்டீர்களே, தோசைக்கு என்ன செய்கிறாய் என்று. அதுவும் இதே கதைதான். கிரைண்டர் ஒன்று ஏலத்தில் வந்தது. "மோட்டார் நன்றாக ஓடுகிறது" என்று எழுதியிருந்தார்கள். 15 பவுணுக்கு என் பெயருக்கே விழுந்தது. ஒரே குதூகலம். பிறகுதான் கீழே சின்ன எழுத்தில் பார்த்தேன், நேரில் வந்துதான் எடுக்க வேண்டும். வீடு கொவென்ட்ரியில். போக வர ரயில் காசு கிரைண்டர் விலையைத் தாண்டிவிட்டது. கல்லைத் தூக்கிக்கொண்டு ரயில் படியில் நான் ஏறியதைப் பார்த்திருந்தால் அம்மா அழுதிருப்பீர்கள், தம்பி சிரித்திருப்பான். வீட்டுக்கு வந்து உளுந்தைப் போட்டால் மோட்டார் உறுமுகிறது, கல் சுற்றவில்லை. பெல்ட் அறுந்து கிடக்கிறது. கேட்டதற்கு, "மோட்டார் ஓடுகிறது என்றுதானே எழுதினேன்" என்றார் அந்த மனிதர். வாஸ்தவம்தான், மோட்டார் ஓடுகிறது.

வாங்குவதில்தான் இப்படி, விற்றுப் பார்ப்போம் என்று என் பழைய போனைப் போட்டேன். தம்பி, நீ இதைக் கவனமாகக் கேள்.

முதலில் எடுத்தவன் காசே கட்டவில்லை. கடிதம் போட்டேன், பதில் இல்லை. நம் ஊரிலும் இது உண்டு. திருவிழா இரவு சாராய வேகத்தில் எலுமிச்சம்பழத்தைப் பத்தாயிரத்துக்கு எடுத்துவிட்டு, விடிந்ததும் தலைவர் கண்ணில் படாமல் தேயிலை மலைக்குள் நுழைகிறவர்கள். ஆனால் அடுத்த வருடம் மைக்கில் பாக்கிப் பெயர் வாசிப்பார்கள் என்ற பயம் இருக்கிறது. இங்கே என்ன பயம்?

மறுபடி போட்டேன். 70 பவுணுக்குப் போனது. தளத்துக்காரர் நூற்றுக்குப் பதின்மூன்று போலக் கழித்தார்கள். அஞ்சல் செலவு, அட்டைப் பெட்டி, குமிழித் தாள் எல்லாம் என் கணக்கு. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இரண்டு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று கணக்கப்பிள்ளை கழிப்பாரே, அம்மா முணுமுணுத்துக்கொண்டே வருவீர்களே, அது ஞாபகம் வந்தது. போகட்டும். ஒரு கிழமை கழித்து வாங்கியவர் எழுதுகிறார், திரை வெடித்திருக்கிறது, சொன்ன மாதிரி இல்லை, காசைத் திருப்பு. நான் அனுப்பும்போது எடுத்த படமெல்லாம் காட்டினேன். படம் அனுப்புவதற்கு முன் எடுத்தது, வழியில் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும் என்றார்கள் தளத்துக்காரர். தீர்ப்பு அவர் பக்கம். போன் திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால் அதே மாடல், அதே நிறம், ஆனால் உள்ளே இருக்கிற பதினைந்து இலக்க எண் வேறு. என் போன் அவரிடம், அவருடைய வெடித்த போன் என்னிடம், காசும் அவரிடம்! மறுபடி முறையிட்டேன். வழக்கு முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில். அவரைப் பற்றி இரண்டு வார்த்தை குறை எழுதி மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வாங்கியவர் விற்றவரைத் திட்டலாம், விற்றவர் வாங்கியவரைத் திட்ட முடியாது.

யாரிடமாவது நேரில் போய்ச் சண்டை போடலாமென்றால் ஆபீஸ் எங்கே இருக்கிறது, யார் துரை, ஒன்றும் தெரியாது. நம் ஊரில் துரை பங்களா எங்கே என்றாவது எல்லோருக்கும் தெரியும்.

தம்பி, நீ தேயிலைத் தூள் பாக்கெட் போட்டு இந்த ஏலத்தில் விற்கலாமா என்று கேட்டிருந்தாய். யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான். இங்கே சிலோன் டீ என்றால் இன்னும் மதிப்பு இருக்கிறது. ஆனால் ஏற்றுமதி செய்வதற்குத் தேயிலைச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதிய வேண்டும். அரைக் கிலோவுக்கு அஞ்சல் செலவு தூளின் விலையைத் தின்றுவிடும். உனக்காக நான் இங்கிருந்து விற்றாலும் கணக்கு உண்டு. 2024 ஜனவரியிலிருந்து வருடத்தில் முப்பது சாமானோ அதற்கு மேலோ விற்கிறவரின் விவரத்தை வரி இலாகாவுக்குத் தளமே கொடுக்க வேண்டும். இதையெல்லாம் தாண்டி ஒருவன் "தூள் சொன்ன மாதிரி இல்லை" என்று எழுதினால் என்ன செய்வாய்? பாதி குடித்த பாக்கெட்டைத் திருப்பி வாங்குவாயா?

அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும், தேயிலை ஸ்டோரில் பெட்டி அடைத்த கை. நம் தூள் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது, அந்த ஏலம் 1883இல் தொடங்கியது. புரோக்கர் முன்கூட்டியே சாம்பிளைச் சுவைத்துப் பார்த்து, வாங்குகிறவனும் சுவைத்துப் பார்த்து, பிறகுதான் விலை கேட்பார்கள். கொரோனா வந்த 2020இல் அதுவும் கணினிக்குள் போனது, ஆனால் நாக்கில் வைத்துப் பார்ப்பது போகவில்லை. நான் கிரைண்டரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் எடுத்தேன்.

இவ்வளவு பட்டும் விட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வந்ததும் அந்தப் போஸ்ட்கார்ட் பக்கத்தைத்தான் திறக்கிறேன். ஒரே படத்தை நூற்றுக்கணக்கில் அடித்திருப்பார்கள், இன்னொரு வீட்டுப் பரணில் அதே பெண் இருப்பாள். அடுத்த முறை 12 பவுணில் நிற்க மாட்டேன். எவ்வளவு என்று அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன்.

அதுவரைக்கும், ஏலப் பக்கத்தில் இருந்ததை இறக்கி இங்கே கடையில் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கொஞ்சம் மங்கல்தான், குறுக்கே விற்றவர் பெயர் ஓடுகிறது, அதைக் கவனிக்காதீர்கள். பின்னால் ஒரு மலை தெரிகிறது, வலது பக்கம் பள்ளம் விழுந்த மாதிரி. அது எந்தப் பக்கம் என்று அப்பா பார்த்துச் சொல்லுங்கள். அம்மா, அந்தக் கூடைக் கயிற்றைப் பாருங்கள். முடிச்சு இடது பக்கம் இருக்கிறது. அப்பாயி எந்தப் பக்கம் போடுவார்?

கூரைத் தகரத்துக்கு இந்த மாதக் கடைசியில் காசு போடுகிறேன். மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

உங்கள் மகள்