உண்ணியின் ஆயுளுக்கு மூன்று வருஷ நிதி போதாது

நோய் பரப்பும் பூச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கொசு, உண்ணி, தெள்ளுப்பூச்சி ஆகியவற்றைப் பிடித்து, இனம் பிரித்து, உள்ளே என்ன கிருமி இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. எந்த ஒரு நிறுவனத்தையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. எந்த நாட்டில் இருந்தாலும் சரி, ஒரு திட்டத்துக்குப் பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் உட்காருகிற எல்லாருக்கும் எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பூச்சிகளைக் கவனிக்கும் களப்பணிக்கு இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று துண்டு துண்டாகப் பணம் தருவதை விடுங்கள். ஒரே இடத்தைப் பத்து வருஷமாவது தொடர்ந்து பார்க்கும்படி கொடுங்கள். நோய் தலைகாட்டாத வருஷங்களிலும் நிறுத்தாதீர்கள்.

உண்ணிக் கடியால் வரும் பாக்டீரியா நோயான லைம் நோயைப் பரப்பும் இக்ஸோடிஸ் வகை உண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்தான். அது ஒரு எலியையோ பறவையையோ பற்றிக்கொண்டு ஒரே ஒரு தடவை வயிறு நிறைய ரத்தம் குடிக்கும். பிறகு கீழே விழுந்து, தோலுரித்து, எட்டுக் கால் இளம் உண்ணியாகும். அதற்கும் ஒரு தடவைதான் ரத்தம். வளர்ந்த பிறகு மூன்றாவது தடவை, பெரும்பாலும் மான் போன்ற பெரிய விலங்கின் மேல். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவே மாதக்கணக்கில் இலைச்சருகுக்குள் கிடக்கும். இந்தச் சுற்று முடிய இரண்டு வருஷம் ஆகும். குளிர் அதிகமான இடங்களில் மூன்று வருஷமோ அதற்கு மேலோகூட ஆகும்.

நீங்கள் தருவது மூன்று வருஷம். முதல் வருஷத்தில் பாதி, ஆள் எடுக்கவும் காட்டுக்குள் போக அனுமதி வாங்கவும் போய்விடுகிறது. கடைசி வருஷத்தில் பாதி, அறிக்கை எழுதப் போய்விடுகிறது. மிச்சம் இருக்கும் இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தலைமுறை உண்ணியைப் பின்தொடர்ந்தாலே அதிகம்; குளிர் அதிகமான இடங்களில் அதுகூட முடியாது. ஆனால் அறிக்கையில் நீங்கள் எதிர்பார்ப்பது, இங்கே உண்ணி கூடுகிறதா குறைகிறதா என்ற கேள்விக்குப் பதில்.

உண்ணியை எண்ணுவது எப்படி என்று பார்த்தால் இந்தச் சிக்கல் இன்னும் தெளிவாகும். வெள்ளை ஃபிளானல் துணி ஒன்றைக் கழியில் கட்டி, புல்லின் மேலும் சருகின் மேலும் மெதுவாக இழுத்துக்கொண்டே போவோம். விலங்கு ஏதோ போகிறது என்று உண்ணி துணியைப் பற்றிக்கொள்ளும். சில அடிகளுக்கு ஒருமுறை நின்று துணியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கசகசா அளவுதான் இருக்கும் இளம் உண்ணி. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து ஆல்கஹால் குப்பியில் போட்டு, இடமும் தேதியும் எழுதிய சீட்டையும் உள்ளேயே போடுவோம். சீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். புல் நனைந்திருந்தால் துணியில் எதுவும் ஒட்டாது, அன்றைய வேலை போச்சு. வெயில் ஏறினால் உண்ணி சருகுக்குள் இறங்கிவிடும். ஆகவே ஒரு நாள் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் சொல்ல முடியாது. அதே பாதையில், அதே மாதங்களில், பல வருஷம் இழுத்தால்தான் அந்த எண்கள் பேச ஆரம்பிக்கும்.

இப்படிப்பட்ட திட்டங்கள் நிராகரிக்கப்படும்போது குறிப்பில் அடிக்கடி வரும் வரி: 'இதில் புதுமை இல்லை.' உண்மைதான், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எண்ணுவதில் புதுமை கிடையாது. ஆனால் புதிதாக ஒன்று நுழைந்தால் அதைக் கண்டுபிடிக்க வேறு வழியும் கிடையாது. அனோஃபிலிஸ் ஸ்டீஃபன்சி என்ற மலேரியாக் கொசு தெற்காசியாவுக்குப் பழையது. மேல்நிலைத் தொட்டி, கிணறு என்று நகரத்துக்குள்ளேயே முட்டையிடும். 2012-ல் அது ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. அந்த வருஷம் அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020-ல் அந்த எண்ணிக்கை 73,000-ஐத் தாண்டியது. ஏறியதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் இந்தக் கொசுவை ஒதுக்கிவிட்டு அந்தக் கணக்கைப் பேச முடியாது. எத்தனையோ துறைமுக நகரங்களில் கொசுப் புழுவை எடுத்து இனம் பார்க்க நிரந்தரமாக ஓர் ஆள் இல்லை. அப்படி ஓர் ஆளின் சம்பளம் எவ்வளவு ஆகிவிடும்?

இனம் பார்க்கிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1894-ல் ஹாங்காங்கில் யெர்சின் என்ற மருத்துவர் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக வருகிறது என்று 1898-ல் கராச்சியில் சோதனை செய்து காட்டினார் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். பல வருஷம் அவரை யாரும் நம்பவில்லை. பிற்பாடு பம்பாயில் பிளேக் ஆணையம் பெரிய அளவில் சோதனை நடத்திய பிறகே விஷயம் நிலைபெற்றது. அப்புறமும் ஒரு புதிர் இருந்தது. பம்பாயை உலுக்கிய பிளேக் மெட்ராஸில் ஏன் அந்த அளவு பரவவில்லை? எலி இரண்டு ஊரிலும்தான் இருக்கிறது, எலி மேல் தெள்ளும் இருக்கிறது. கொழும்பில் வேலை பார்த்த ஹர்ஸ்ட் என்ற நுண்ணுயிரியலாளர் தெள்ளையே பிரித்துப் பார்த்தார். ஒன்று சீனோப்சில்லா கியோபிஸ், இன்னொன்று சீனோப்சில்லா ஆஸ்டியா. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கியோபிஸ் பிளேக்கை நன்றாகப் பரப்பும். ஆஸ்டியாவால் அந்த அளவு முடியாது. எந்த ஊர் எலியின் மேல் எது அதிகம் என்பது அந்தப் புதிரை அவிழ்க்கும் ஒரு முக்கியமான இழையானது.

இந்த இரண்டுக்கும் பெயர் வைத்தவர் சார்லஸ் ராத்ஸ்சைல்ட். கியோபிஸ் 1903-ல், ஆஸ்டியா 1911-ல். தொழிலில் அவர் வங்கியாளர். ஆசைக்காகத் தெள்ளுகளைச் சேகரித்தவர். அந்தப் பெயர்களும் படங்களும் முன்பே அச்சில் இருந்ததால்தான் ஹர்ஸ்டால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இன்றைக்கு இப்படித் தெள்ளை இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

மரபணு வரிசையைப் படித்தால் போதாதா என்று கேட்பீர்கள். படிக்கிறோம், மிகவும் பயன்படுகிறது. ஆனால் நம் பூச்சியின் வரிசையை எதனோடு ஒப்பிடுகிறோம்? யாரோ ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்ன இனம் என்று உறுதி செய்து, பாதுகாத்து வைத்த மாதிரியின் வரிசையோடு. அந்த முதல் பெயர் தப்பென்றால் அதற்குப் பின்னால் வரும் எல்லாமே தப்புதான்.

உடனே பயன் தராத ஆராய்ச்சிக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. 1924-ல் ஹெர்டிக், வொல்பாக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் க்யூலெக்ஸ் கொசுவின் உடலுக்குள் ஒரு பாக்டீரியாவைப் பார்த்துக் குறித்துவைத்தார்கள். அதனால் நோய் எதுவும் வருவதாகத் தெரியவில்லை, அப்போது யாருக்கும் அதில் பயனும் இல்லை. அதுதான் வொல்பாக்கியா. அதை டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குள் செலுத்தினால் அந்தக் கொசுவில் டெங்கு வைரஸ் பெருகுவது குறைகிறது என்று பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தெரிந்தது. 2011-ல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பகுதியில் அப்படிப்பட்ட கொசுக்களை முதலில் வெளியே விட்டார்கள். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2021-ல் வெளிவந்தது; கொசு விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்திருந்தது. 1924-ல் உங்கள் படிவத்தை நிரப்பச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு பேரும் 'எதிர்பார்க்கும் பயன்' என்ற இடத்தில் என்ன எழுதியிருப்பார்கள்?

பணம் குறைவு, மருந்துக்கும் படுக்கைக்கும் முதலில் தர வேண்டும் என்ற வாதம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பூச்சிகளும் உண்ணிகளும் இவை போன்ற உயிர்களும் பரப்பும் நோய்களால் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள். படுக்கையில் கிடப்பவரிடமிருந்து பறித்து எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்க மாட்டேன். நோய் பரவி ஊரே பதறும்போது கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கை அமைதியான வருஷங்களுக்கு நகர்த்துங்கள் என்றுதான் கேட்கிறேன். களப்பணியின் செலவில் பெரும்பகுதி சம்பளம். துணி, பொறி, குப்பி, நுண்ணோக்கி எல்லாம் ஒருமுறை வாங்கினால் பல வருஷம் உழைக்கும். ஆனால் திட்டம் முடிந்ததும் ஒப்பந்தப் பணியாளர்களை அனுப்பிவிடுகிறீர்கள். எந்தப் புதரில் எந்த மாதம் உண்ணி ஏறும், எந்த வீட்டுத் தொட்டியில் எப்போதும் புழு இருக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். அடுத்த கொள்ளை நோய்க்கு ஆள் தேடும்போது அவர்கள் வேறு பிழைப்புக்குப் போயிருப்பார்கள்.

அவர்களுடைய பாதுகாப்பையும் சேர்த்தே கேட்கிறேன். தெள்ளின் உணவுப் பாதையைப் பிளேக் கிருமி அடைத்துவிடுகிறது, பசியில் தெள்ளு திரும்பத் திரும்பக் கடிக்கிறது என்று 1914-ல் மார்ட்டினோடு சேர்ந்து கண்டுபிடித்தவர் ஆர்தர் பேகட் என்ற பூச்சியியலாளர். 1922-ல் கெய்ரோவில், பேன் பரப்பும் டைஃபஸ் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அதே நோய் தொற்றி இறந்தார். இன்றும் காட்டில் துணி இழுப்பவர்களில் பலருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. திட்டச் செலவில் அதற்கென்று ஒரு வரி கட்டாயமாக இருக்க வேண்டும்.

அடுத்த அறிவிப்பை வெளியிடும்போது, திட்டக் காலத்துக்கான இடத்தில் பத்து வருஷம் என்ற வாய்ப்பையும் சேருங்கள். நடுவில் ஐந்தாம் வருஷம் வந்து எங்கள் குப்பிகளையும் பதிவேட்டையும் சோதித்துப் பாருங்கள். வேலை சரியில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு விண்ணப்பிக்க எங்களில் பலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பூச்சிகளை இனம் பிரிக்கும் பணியாளர்களில் ஒருவர்