அண்ணா, கல்யாண கேசட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன

அண்ணா,

நம் வீடியோ கேசட் கடை ரூமை மொபைல் கடைக்காரருக்கே விட்டாகிவிட்டது. அட்வான்ஸ் உன் கணக்கில் ஏறியிருக்கும். சினிமா கேசட் அத்தனையும் எடைக்குப் போட்டேன். "எல்லாம் போன்லயே கிடைக்குது, அந்தக் குப்பை எதுக்கு" என்றாய். சினிமாவுக்கு அது முக்கால்வாசி சரிதான். ஆனால் காப்பி போடக் கொடுத்துவிட்டு யாரும் திரும்ப வாங்காத கல்யாணங்கள், காதுகுத்து, தேர்த் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா இதெல்லாம் எந்த ஆப்பில் வருகிறது? அவற்றை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உன்னைக் கேட்காததற்கு மன்னித்துக்கொள். கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால்தான் கேட்கவில்லை.

கிழக்குத் தெரு அத்தை வந்த ராத்திரியை நீ மறந்திருக்க முடியாது. (பெயர் போடவில்லை, அவர் மகள் இதைப் படிக்கிறாள்.) பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்ததும், மாமா முகத்தைப் பார்க்கவேண்டும் என்று கல்யாண கேசட்டோடு வந்து நின்றார். டிவியையும் கேசட் ஓட்டும் டெக்கையும் சைக்கிளில் கட்டி நீ உருட்ட, நான் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தேன். சரியாக மாலை மாற்றும் இடத்தில் டெக் நாடாவை இழுத்துக்கொண்டது. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நீ பதறவே இல்லை. நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட்டில் சுற்றியதை விரலால் நெகிழ்த்தி எடுத்தாய். கேசட்டின் ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றி ஒரு தட்டில் வரிசையாக வைத்தாய். கசங்கிய துண்டை பிளேடால் வெட்டி, படம் பதியாத பின்பக்கத்தில் செல்லோடேப் ஒட்டினாய். முன்பக்கம் ஒட்டினால் ஹெட் போய்விடும் என்பது அப்பா சொல்லிக்கொடுத்தது. மறுபடி ஓடவிட்டபோது அந்த இடத்தில் படம் ஒரு துள்ளு துள்ளி, கோடு கோடாகி, மாமா சிரித்தார். அத்தை உன் தலையில் கை வைத்தார்.

அந்தக் கைதான் இப்போது "குப்பை" என்று வாட்ஸப்பில் அடிக்கிறது.

1993-ல் சன் டிவி வந்தது, கேபிள்காரர் புதுப்படம் போட ஆரம்பித்தார், அப்புறம் விசிடி. அது எல்லாக் கேசட் கடைக்கும் வந்த சாவு. நம் கடைக்கு வேறொன்றும் இருந்தது. சித்தப்பா வீட்டிலும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதமாட்டேன். நீ காலேஜில் சேர்ந்த வருஷம் என்று மட்டும் சொல்கிறேன். நீ படித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்கும் இருந்ததில்லை.

நாடா ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கிறது. மூன்று மணி நேர கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மூன்று மணி நேரமும் ஓடவிட்டுத்தான் ஆகவேண்டும். புது டெக்குக்கு வழியில்லை. கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய அகாய் டெக் கிடைத்தது. ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் ஓட்டுகிறேன். முடிந்ததை எல்லாம் அந்தந்த வீட்டில் பென் டிரைவில் கொடுத்துவிடுவேன், காசு வாங்கமாட்டேன்.

அப்பாவின் தலைத்திவசத்துக்கு வரும்போது லீவைக் கொஞ்சம் சேர்த்துப் போடு. அறுந்த கேசட்டுகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு அந்த ஒட்டு கை வரவில்லை. நீ ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போ.

உன் தங்கை